திரும்பி வரும்போது ஆர் ஓடுறது?

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த வாரம் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். பியர் விழாக்களை மையமாக வைத்து ஐரோப்பாவில் ஒரு கார்ப் பயணம். இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள்தாமே! பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், பெறப் போகிறவனை வழியிலே கண்டு, எந்த வழியால் போகவேண்டும், எந்த நிலத்து மக்கள் எதை உண்ணத் தருவார்கள், எதைக் குடிக்கத் தருவார்கள் என்றெல்லாம் ஒழுங்காகச் சொல்கிறான். வீட்டிலே சமைத்த தோப்பி என்னும் கள்ளுக்குக்கூடப் பெரும்பாணாற்றுப்படையில் இடம் உண்டு. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும் என்று வழியின் ஆபத்துகளையும் அது விடாமல் சொல்கிறது. விருந்தைச் சொல்பவன் ஆபத்தையும் சொல்ல வேண்டும் என்பது நம் பழம்புலவர்களின் முறை.

இதைப் பல வருடங்களாக மாணவர்களுக்குப் படிப்பித்த நான், எனக்கென்று ஒரு பயணம் வந்தபோது மறந்துபோனேன். நினைவூட்டியவள் என் தமக்கையின் மகனுடைய மனைவி.

2024ஆம் ஆண்டு. ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகருக்கு அருகே அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து மருமகனும் அவனுடைய நண்பனும் நானும் திட்டம் போட்டோம். எட்டு நாள், ஆறு ஊர், ஊருக்கு ஒரு பியர் விழா அல்லது ஒரு பழைய மதுச்சாலை. இரவில் ஓடினால் விடுதிச் செலவு மிச்சம் என்பது மருமகனின் கணக்கு. நான் குடிப்பவன் அல்லன். ஆனாலும் வேற்று நாட்டு மக்கள் எப்படிக் கூடிக் களிக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது.

தேநீர் கொண்டுவந்து வைத்தவள் கடதாசியைக் கையில் எடுத்து வாசித்தாள். பிறகு கேட்டாள்:

"எல்லாம் சரி மாமா. திரும்பி வரும்போது ஆர் கார் ஓடுறது?"

மருமகன் சிரித்தான். "ஒரு கிளாஸ்தானே. ரெண்டு மணித்தியாலம் இருந்திட்டு ஓடலாம்."

"அப்ப அந்த ரெண்டு மணித்தியாலத்தையும் இதிலை எழுதுங்கோ. எழுதேல்லை எண்டால், நான் ஓடுவன் எண்டு நினைச்சுத்தானே போட்டனீங்கள்? இது எனக்கும் லீவு."

மேசையில் எவருக்கும் பேச்சு எழவில்லை. அவள் சொன்னது உண்மை. வாய்விட்டுச் சொல்லாமலே நாங்கள் மூவரும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

அந்த இரவே சட்டத்தைத் தேடிப் படித்தோம். செக் குடியரசில் வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் மதுசாரம் சிறிதும் இருக்கக் கூடாது. அங்கே வரம்பு பூச்சியம். ஜேர்மனியில் பொதுவான வரம்பு ஆயிரத்துக்கு 0.5. புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அங்கேயும் பூச்சியந்தான். ஓட்டத்தில் தடுமாற்றம் தெரிந்தால் 0.3 இருந்தாலே தண்டனை உண்டு. மியூனிக் விழாவில் பியர் ஒரு லீற்றர்க் குவளையில்தான் வரும். அதில் மதுசாரம் சுமார் 6 சதவீதம். மனித உடல் மணித்தியாலத்துக்கு ஆயிரத்துக்கு 0.1 முதல் 0.2 வரைதான் அதைக் கரைத்து வெளியேற்றும். மருமகனின் "இரண்டு மணித்தியாலம்" எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

திட்டத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம். இம்முறை பேனை அவள் கையில். விதி ஒன்றே ஒன்று: ஓடுகிற நாளில் குடி இல்லை, குடிக்கிற நாளில் ஓட்டம் இல்லை. எட்டு நாள் மூன்று வாரமாயிற்று. ஆறு ஊர் நான்காகக் குறைந்தது. ஒவ்வோர் ஊரிலும் புகையிரத நிலையத்துக்கு அருகே தங்குமிடம். கார் அங்கேயே உறங்கும். நாங்கள் ரயிலிலோ கால்நடையாகவோ விழாவுக்குப் போவோம்.

இப்படி வேகம் குறைந்ததால் வேறொன்றும் நடந்தது. ஒரே ஊரில் நாலைந்து நாள் தங்கினால் விழாப் பந்தலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சுற்றியுள்ள வயலையும் பார்க்க வேண்டிவரும். அந்த வயல்களில்தான் இவ்விழாக்களின் வேர் இருக்கிறது என்பது மெல்ல மெல்ல விளங்கியது.

செப்டெம்பர் முதல் வாரத்தில் செக் நாட்டின் ஷாட்டெட்ஸ் என்னும் சிறு நகரில் தொடங்கினோம். பியருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது ஹொப்ஸ் என்னும் கொடியின் பூ. ஷாட்டெட்ஸ் வட்டாரத்து ஹொப்ஸ் உலகப் புகழ் பெற்றது. அந்த நிலப்பரப்பை 2023இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. அவ்வூர் விழாவுக்கு 'டொச்செஸ்னா' என்று பெயர். பறிப்பு முடிந்தது என்பது அதன் பொருள். நம்மூரில் அறுவடை முடிந்து பொங்கல் வருவதைப் போன்றதுதான் இதுவும். முற்காலத்தில் பல்லாயிரம் பேர் வந்து கையால் பறித்த பூவை இன்று இயந்திரம் பறிக்கிறது. விழா மட்டும் நின்றுபோகவில்லை.

அங்கிருந்து தெற்கே ஓடினால் பில்சென். 1838இல் அந்த நகரத்தார் கெட்டுப்போன 36 பீப்பாய் பியரை நகர மண்டபத்தின் முன் தெருவில் கொட்டினார்களாம். பிறகு தாங்களே ஒன்றுகூடிப் புதிய மதுச்சாலை கட்டினார்கள். பவேரியாவிலிருந்து ஜோசப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். அவர் 1842 ஒக்டோபர் 5ஆம் திகதி முதன்முதலாகக் காய்ச்சிய பொன்னிறப் பியரின் வழித்தோன்றல்கள்தாம் இன்று உலகில் பெருமளவு குடிக்கப்படும் 'பில்ஸ்னர்' வகைகள். பில்செனில் காரின் திறப்பை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு ஆண்கள் இருவரும் மாலைகளில் நடந்து போய் வந்தார்கள். அவளோ காரை ஓடவில்லை. என்னோடு ஊர் பார்த்தாள்.

இனி ஓட்டம் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். செக் நெடுஞ்சாலைகளுக்கு முன்கூட்டியே கட்டணம் செலுத்த வேண்டும். ஜேர்மன் ஒட்டோபானில் கார்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மியூனிக், ஸ்ருட்கார்ட் போன்ற நகரங்களின் உள்ளே போவதற்குக் கண்ணாடியில் பச்சை நிறச் சூழல் அடையாளம் ஒட்டியிருக்க வேண்டும். 2024 செப்டெம்பரில் ஜேர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. ஆகவே, கடவுச்சீட்டுகளைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைக்கெட்ட வைத்திருந்தோம். ஒட்டோபானில் வேக வரம்பு இல்லாத பகுதிகள் பல உண்டு. அங்கே பரிந்துரைக்கப்படும் வேகம் மணிக்கு 130 கிலோமீற்றர். இடப்பக்கம் ஓடிப் பழகிய நம்மவர் வலப்பக்கம் ஓடுவதாயின் முதல் இரண்டு நாளும் சிறு வீதிகளில் பழகிக்கொள்வது நல்லது.

அடுத்த இடம் டான்யூப் நதிக்கரையில் உள்ள இங்கோல்ஸ்ராட். இலக்கிய நேயர்கள் இங்கே சற்று நிமிர்ந்து உட்காரலாம். 1516 ஏப்ரல் 23ஆம் திகதி, பியரில் பார்லி, ஹொப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றையும் தவிர வேறெதுவும் சேரலாகாது என்ற பவேரியச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது இவ்வூரில்தான். பியரைப் புளிக்கச் செய்யும் மதுவத்தை அச்சட்டம் குறிப்பிடவேயில்லை! இதே இங்கோல்ஸ்ராட்டின் பல்கலைக்கழகத்துக்குத்தான், மேரி ஷெல்லியின் நாவலில், விக்டர் பிராங்கென்ஸ்டைன் படிக்க வருகிறான். பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து உயிர் கொடுக்கிறான். கொடுத்த கணமே அஞ்சி ஓடுகிறான்.

அந்த நாவல் பிறந்த கதை நேயர்கள் பலரும் அறிந்ததுதான். 1816ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் பைரனும் ஷெல்லியும் மேரியும் கூடியிருந்தார்கள். ஓயாத மழை. வெளியே போக வழியில்லை. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பந்தயம் வைத்தார்கள். அந்தக் கோடை ஏன் இருண்டது? 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது வானில் வீசியவை சூரிய ஒளியை மறைத்தன. மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடை வரவில்லை. பயிர் அழுகியது. பஞ்சம் வந்தது. இந்தத் துன்பம் எங்கள் பயணத்தின் கடைசி ஊரில் மறுபடி எதிர்ப்படும் என்று அப்போது நான் எண்ணவில்லை.

இங்கோல்ஸ்ராட்டுக்கும் மியூனிக்குக்கும் இடையே, ஹல்லெர்ட்டாவ் என்னும் ஹொப்ஸ் நாட்டில், பாபென்ஹோபென் என்ற சிற்றூரில் தங்கினோம். 7 மீற்றர் உயரக் கம்பிகளில் கொடி ஏறி நிற்கும் தோட்டங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அங்கிருந்து ரயிலில் மியூனிக் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு.

மியூனிக்கின் 'ஒக்டோபர்பெஸ்ட்' பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. 1810 ஒக்டோபரில் பவேரிய இளவரசர் லுட்விக், தெரேசாவை மணந்தபோது நகருக்கு வெளியே புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடந்தது. அந்த வெளி மணமகளின் பெயரைப் பெற்றது. மறு ஆண்டில் விவசாயக் கண்காட்சி சேர்ந்தது. குளிருக்கு அஞ்சிப் பிற்பாடு விழா செப்டெம்பருக்கு முன்தள்ளியது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு லீற்றர்ப் பியர் 2024இல் ஏறக்குறைய 14, 15 யூரோ. முன்பதிவு இல்லாதவர்கள் வார நாளில் மதியத்துக்கு முன் போனால் கூடாரத்தில் இடம் கிடைக்கும். நாங்கள் அப்படித்தான் போனோம்.

வாசலில் ஒரு நினைவிடம் இருக்கிறது. 1980 செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, தீவிர வலதுசாரி ஒருவன் வைத்த குண்டு அங்கே வெடித்தது. அவனோடு சேர்த்து 13 பேர் இறந்தனர். 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சனத்தோடு சனமாகக் குண்டு வெடித்த இடத்தைக் கடந்து போவது நம் நாட்டவர்க்குப் புதிதல்ல. ஆயினும் என் கால்கள் அங்கே நின்றன. உள்ளே ஆயிரக்கணக்கானோர் வாங்கில் ஏறிநின்று பாடுகிற ஓசை கேட்டது. மருமகள் மெல்ல என் கையைப் பிடித்து, "வாங்கோ மாமா, போவம்" என்றாள்.

இரவு பத்து மணி ரயிலில் திரும்பினோம். பெட்டி நிறைய விழா உடுப்பு அணிந்தவர்கள். மருமகன் சன்னல் ஓரமாகத் தூங்கிப்போனான். அவனுடைய நண்பன் தன் ஊர்ப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். எவர் மனத்திலும் திரும்பும் வழி பற்றிய பயம் இல்லை.

கடைசியாக வீட்டுக்கே வந்தோம். ஸ்ருட்கார்ட்டின் கான்ஸ்டாட் விழா செப்டெம்பர் இறுதியில் தொடங்குகிறது. இதுவும் பெரிய பியர்க் கூடாரங்களைக் கொண்ட விழாதான். ஆனால் திடலின் நடுவே தானியக் கதிர்களும் காய்களும் பழங்களும் வைத்து அலங்கரித்த உயர்ந்த தூண் ஒன்று நிற்கிறது. ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் கதை வெளிவந்தது. தம்போரா கொண்டுவந்த பஞ்சத்தின் நடுவே, 1816இல், வூர்ட்டெம்பேர்க்கின் அரசரானவர் முதலாம் வில்ஹெல்ம். பஞ்சம் தீர்ந்தபின், நல்ல கால்நடை வளர்த்த விவசாயிகளுக்குப் பரிசு கொடுத்து உழவை ஊக்குவிப்பதற்காக 1818 செப்டெம்பர் 28ஆம் திகதி அவர் தொடக்கிவைத்த விழா இது. அதே 1818 ஜனவரியில்தான் மேரி ஷெல்லியின் நாவலும் அச்சில் வந்தது.

நேயர்களே, சூரியன் இல்லாத ஒரே கோடை, ஓரிடத்தில் ஒரு நாவலையும் இன்னோரிடத்தில் ஒரு விழாவையும் விட்டுச் சென்றிருக்கிறது. நாவல், தான் ஆக்கியதற்குப் பொறுப்பேற்காமல் ஓடியவனின் கதை. விழா, பசித்த வயிறுகளை மறக்காமல் தானியத்தை நடுவில் உயர்த்தி வைத்தது. எட்டு நாளில் ஆறு ஊர் ஓடியிருந்தால் இந்த இரண்டையும் நான் ஒன்றாகப் பார்த்திருக்க மாட்டேன். நான்காவது ஊரில் யாரோ ஒருத்தி தூக்கக் கண்ணோடு கார் ஓட, நாங்கள் பின்னாலே குறட்டை விட்டிருப்போம்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களும், போகிற பிள்ளைகளை உடையவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். விழாக்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் எடுக்குமுன், எந்தப் பயிர் எந்த மாதத்தில் அறுவடையாகிறது என்று பாருங்கள். அந்த நாட்காட்டியே உங்களுக்கு வழியைக் காட்டும். ஓடுகிற நாளையும் குடிக்கிற நாளையும் வேறு வேறாக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, எங்கள் மேசையில் அன்று கேட்கப்பட்ட கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் எழுதிய அந்தக் கடதாசியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மலைபடுகடாம் உரைநூலின் நடுவே இருக்கிறது.