ஒரு சொல்லின் எல்லை: பொறியியலும் மேல்முறையீட்டு மன்றமும்



அறிவியல் பயில்வோருக்கு மொழிப்பாடம் எதற்கு என்னும் வினா நம் பள்ளிகளில் அவ்வப்போது எழுவதுண்டு. அதற்கு விடையாக அமெரிக்கச் சட்டவியலாளர் ஒருவரின் பணிவாழ்வை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

அவர் ரிச்சர்ட் லின். 1965இல் மின்பொறியியல் பட்டம் பெற்று, காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளராகப் பணியாற்றினார். 1969இல் சட்டப் பட்டமும் பெற்றார். ஏறத்தாழ முப்பதாண்டுகள் காப்புரிமை வழக்கறிஞராக விளங்கியபின், 2000ஆம் ஆண்டில் வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு மன்றத்தின் நீதிபதியானார். அமெரிக்கா முழுவதிலுமிருந்து காப்புரிமை மேல்முறையீடுகள் வந்து சேரும் மன்றம் அது, 1982இல் நிறுவப்பெற்றது.

மேல்முறையீட்டில் சாட்சிகள் மீண்டும் அழைக்கப்படுவதில்லை. கீழ்மன்ற ஆவணங்களும், எழுத்து வாதமும், சில நிமிட வாய்மொழி வாதமுமே உண்டு. கருவியை நன்கறிந்த வழக்கறிஞரும் அதனைச் சொற்களால்தான் நீதிபதியின் கண்முன் நிறுத்தவேண்டும்.

நிலத்திற்கு எல்லைக்கல் எப்படியோ, அப்படியே கண்டுபிடிப்புக்கு உரிமைக்கோரல் வாசகம். அதிலுள்ள சொற்களுக்குப் பொருள் காண்பது நடுவர் குழுவின் பணியன்று, நீதிபதியின் பணியே என 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறாயின், பொருளை எங்கே தேடுவது? 2002இல், பல வண்ண ஒளிக்காட்சிப் பலகை பற்றிய வழக்கில், முதலில் அகராதியை நாடுக என்று லின் எழுதினார். ஆவணம் காட்டும் ஓர் எடுத்துக்காட்டையே சொல்லின் முழு எல்லையாகக் கொண்டுவிடலாகாது என்பது அவர் கவலை.

மூன்றாண்டுகள் சென்றன. சிறைச்சாலைச் சுவர்களுக்கான எஃகுப் பலகை பற்றிய வழக்கொன்று 2005இல் அம்மன்றத்தின் முழு அமர்வுமுன் வந்தது. பலகையின் உள்ளே அமைந்த தடுப்புத் தகடுகளைக் குறிக்கும் ஒரு சொல்லே சிக்கல். தகடு குண்டைத் திசைதிருப்பும் என ஆவணம் கூறியிருந்தது; சுவருக்குச் செங்குத்தாக நிற்கும் தகட்டை அச்சொல் குறிக்காது எனக் கீழ்மன்றம் கருதியிருந்தது. முழு அமர்வோ ஆவணத்தை முற்றாகப் படித்தது. பளு தாங்குதல் உள்ளிட்ட வேறு பயன்களும் அத்தகட்டுக்கு அதில் கூறப்பட்டிருந்தன. ஆகவே செங்குத்துத் தகடும் அச்சொல்லுள் அடங்கும் என முடிவாயிற்று. கண்டுபிடித்தவரின் வழக்கு உயிர்பெற்றது. அதே தீர்ப்பு, முதலில் ஆவணத்தையே முழுமையாகப் படிக்கவேண்டும்; அகராதி துணைநிற்கலாம், முந்தி நிற்கலாகாது என்றும் நெறிப்படுத்தியது. தாம் வகுத்த முறையைத் திருத்திய அத்தீர்ப்பில் லின்னும் இணைந்து உடன்பட்டார்.

செய்யுளின் ஒரு சொல்லுக்கு முன்பின் அடிகளை நோக்கிப் பொருள் காண்கவென நம் தமிழாசிரியர்கள் வகுப்பில் வலியுறுத்துவதும் இதுவே. கண்டுபிடிப்பாளர் ஒருவரின் பல்லாண்டு உழைப்பு அந்தப் பழக்கத்தைச் சார்ந்து நிற்பதைக் கண்டோம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிவியல் பிரிவு மாணவரிடம் ஒரு குடையையோ மிதிவண்டி மணியையோ கொடுத்து, அதன் அமைப்பைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பொருளைக் காணாத மற்றொரு மாணவர் அவ்வெழுத்தைப் படித்து அதனை வரையட்டும். படம் எங்கே பிழைக்கிறதோ, அங்கே மாற்றவேண்டிய சொல்லை அவர்களே கண்டுகொள்வர்.