நடமாடும் உணவகமும் இணையதளமும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



உணவு வண்டித் தொழிலில் இறங்க முனையும் நம் வாலிபர் சிலர், அதற்கென ஓர் இணையதளம் தொடங்குவது குறித்து என்னை வினவினர். அவர்கட்கு நான் கூற விரும்புவது ஒன்றே. கடைக்கு விலாசம் ஒன்று, வண்டிக்கோ நாளுக்கொன்று. ஆதலின், வண்டி இன்று எவ்விடத்தில், எந்நேரம் வரை நிற்கும் என்பதை அறிவித்தலே அத்தளத்தின் முதற் கடமையாம்.

அமெரிக்க தேசத்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2008ஆம் ஆண்டில் தோன்றிய கோகி என்னும் வண்டி, கொரிய முறையில் சுட்ட இறைச்சியை மெக்சிக்கோ நாட்டு டாக்கோவில் வைத்து விற்றது. தான் நிற்கும் இடத்தை அவ்வப்போது ட்விட்டர் வாயிலாக அறிவித்தமையால், ஜனங்கள் அதைத் தேடிச் சென்று வரிசையில் நின்றனர்.

எனவே, அலங்காரப் படங்களைத் தேடுமுன், பண்டங்களின் விலை, தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் ஆகியவற்றைப் பிழையறப் பதிமின். தளம் கைபேசியில் விரைந்து திறக்கின்றதா என வீதியோரத்தில் நின்றே சோதிமின். அன்றாடம் இடத்தை மாற்றிப் பதியும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்புவிமின். பசியோடு வந்தவர் வண்டியைக் காணாது திரும்பினால் மறுமுறை வாரார். தாய்மார் நகையை ஈடுவைத்துத் தந்த முதலும் அவ்வாறே கரைந்துபோம். சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் நிற்பதே வணிகர்க்கு நாணயம்.