வந்து போகிறவர்களின் ஊர்



ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். வைணவ மரபு சொல்லும் ஆண்டு 1017. ஆனால் அவர் கல்வி கற்றது காஞ்சிப் பக்கம். மடத்தை நடத்தியதும் கடைசிவரை வாழ்ந்ததும் திருவரங்கத்தில். இடையில் பல ஆண்டுகள் கர்நாடகத்து மேல்கோட்டையில். பிறந்த ஊரில் அவர் இருந்த காலம் சொற்பம்தான். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இன்றும் வணங்கப்படும் 'தானுகந்த திருமேனி' என்ற அவருடைய சிலை, அவர் இங்கே இல்லை என்ற குறையைத் தீர்க்க அடியார்கள் செய்வித்தது, அவரே தழுவிக் கொடுத்தது என்பது மரபு. அவர் பிறந்தநாளான சித்திரைத் திருவாதிரைக்குக் கூட்டம் சேருவது அந்த உறவினால். அதே ஊரில் 1991 மே 21ஆம் தேதி இரவு, தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி, வந்து இறங்கிய சிறிது நேரத்திலேயே கொல்லப்பட்டார். ஒருவர் பிறந்துவிட்டுப் போனார். இன்னொருவர் வந்த இடத்தில் மாண்டார். இந்த ஊரின் பெயரை வெளியுலகம் அறிந்தது இந்த இருவரால்தான். இருவருமே இங்கேயே நிலைத்து வாழ்ந்தவர்கள் அல்லர்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஒரு இடத்தின் பொருள் அதன் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது, வெளியிலிருந்து வருவதெல்லாம் அதைக் கெடுக்கும் என்றொரு எண்ணம் நம்மிடம் வலுவாக இருப்பதால்தான். மானுடப் புவியியலிலும் அதற்கு இடமுண்டு. எட்வர்ட் ரெல்ஃப் என்ற புவியியலாளர் 1976இல் எழுதிய நூலில், நவீன சாலைகளும் கட்டடங்களும் எல்லா ஊரையும் ஒரே அச்சில் வார்த்து, இடத்தின் தனித்தன்மையையே அழிக்கின்றன என்று வாதிட்டார். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பார்த்தால் அவர் சொன்னது சரியென்றே தோன்றும். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் அங்கே சந்திக்கின்றன. சுற்றிலும் மதில், கேட், செக்யூரிட்டி, கன்டெய்னர் லாரி. 2010இல் ரெனோ–நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரி ஆலை, அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. இந்தக் காட்சியை வேறு எந்த நாட்டுத் தொழிற்பேட்டையில் வைத்தாலும் பொருந்திவிடும்.

ஆனால் டோரீன் மாஸி என்ற பிரிட்டிஷ் புவியியலாளர், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட அதே 1991இல் எழுதிய ஒரு கட்டுரையில் எதிர்ப்பக்கம் நின்றார். லண்டனில் தாம் வசித்த கில்பர்ன் கடைத்தெருவை அவர் எடுத்துக்கொண்டார். அயர்லாந்துக்காரர்களின் மதுக்கடையும் சேலைக் கடையும் அடுத்தடுத்து இருக்கும் அந்தத் தெருவுக்குத் தனித்தன்மை தருவது அதன் எல்லைக்கோடு அல்ல, அங்கே வந்து சேரும் உறவுகளின் கலவைதான் என்றார். அவர் பக்கமே சரி என்பது என் கருத்து. ஸ்ரீபெரும்புதூர் அதற்குப் பழைய சான்று. பாலாற்றிலிருந்து கம்பன் கால்வாய் வழியே ஏரி ஏரியாக நிரம்பி வரும் தண்ணீர்கூட இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்ததுதான். ஹூண்டாய் கார் ஆலை வந்தபின் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கொரிய எழுத்தில் உணவகப் பலகைகள் முளைத்தன. அதில் அழிவை மட்டும் பார்க்க வேண்டியதில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. "ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் அரசுத் தொழிற்பேட்டையான சிப்காட்டின் மனையாயிற்று. மேய்க்கால் போயிற்று, களத்துமேடு போயிற்று. இதையும் உறவுகளின் கலவை என்று சொல்வீர்களா?" என்று கேட்கலாம். இழப்பு உண்மைதான். தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்க 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. அந்த இழப்பு தானாக நேர்ந்ததல்ல. ஆனால் போனது எல்லோருக்கும் ஒன்றுபோல உரிய ஊரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதி அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில், ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, நில உரிமை பெற்ற மிராசுதாரர்கள் நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலையைப் பதிவு செய்தார். அவர்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது அதன் தொடர்ச்சியாக. ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் நடவு நட்டவர்களுக்கு, அது வாழ்ந்த இடமாக இருந்தும் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் இடமாக இல்லை. ஆக, இடத்தோடு ஒட்டுதல் என்பது எத்தனை தலைமுறை இருந்தோம் என்பதால் மட்டும் வருவதில்லை. அங்கே நிலைத்திருக்க நமக்கு என்ன பிடிமானம் இருக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் இன்றைய ஒரகடம் வெறுமையாகத் தெரிவதற்குக் காரணம் மதிலும் கேட்டும் அல்ல. அந்த மதிலுக்குள் வேலை செய்பவர்கள் இங்கே வேரூன்றாதபடி ஏற்பாடு இருக்கிறது. கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு வருகிறது, ஷிப்ட் முடிந்ததும் கொண்டுபோய் விடுகிறது. வேலை கான்ட்ராக்டில், தங்குவது ஹாஸ்டலில். தென் மாவட்டத்துப் பெண்ணுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞருக்கும் இது சம்பாதிக்கும் இடம். வாழ்க்கை வேறெங்கோ இருக்கிறது. அந்தச் சம்பாத்தியமும் நிலையானதல்ல. 2006இல் உற்பத்தி தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, வேலை தந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றுபோனது. சில ஆண்டுகள் கழித்து அதே கட்டடத்தை சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. கட்டடம் மீண்டும் இயங்குகிறது. எட்டாண்டு அங்கே வேலை பார்த்தவர்கள் சிதறிப் போனார்கள்.

"சம்பளம் வந்தால் போதாதா, வேலைக்கு வந்தவருக்கு ஊர்ப் பாசம் எதற்கு?" என்பது இன்னொரு மறுப்பு. கூலி முக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை; முதல் தடவையாகத் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பெண்ணிடம் போய்ப் பாசத்தைப் பற்றிப் பேசுவது வசதியானவர்களின் பொழுதுபோக்கு. ஆனால் 2021 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். பூந்தமல்லி அருகே விடுதி உணவால் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், அவர்களின் தோழிகள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சம்பளத்துக்காக அல்ல, சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்திலும் கூலியோடு முன்னின்ற கோரிக்கை தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். தாங்கள் வந்து போகிறவர்கள் மட்டுமல்ல, இங்கே இருப்பவர்கள் என்று கணக்கில் எடுக்கச் சொன்னதாகவே இரண்டையும் நான் வாசிக்கிறேன்.

அரசு இதற்குப் பதில் செய்யாமல் இல்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் வளாகத்தில் 18,720 பேர் தங்கும் பிரம்மாண்ட விடுதி திறக்கப்பட்டது. பாதுகாப்பானது, வசதியானது, தேவையானதும்கூட. ஆயினும் அது கட்டிலாகக் கணக்கிடப்பட்ட இருப்பு. வேலை போனால் கட்டிலும் போகும். கல்யாணம் ஆனால் அங்கே குடித்தனம் வைக்க முடியாது.

இதே காலத்தில், சற்றுத் தள்ளிப் பரந்தூரில் என்ன நடக்கிறது? 2022 ஆகஸ்டில் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டதிலிருந்து அதற்கு நிலம் இழக்க வேண்டிய ஏகனாபுரத்து மக்கள் ஏரியையும் கால்வாயையும் காட்டி எதிர்த்து வருகிறார்கள். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள்; 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். நான் கவனிப்பது அவர்கள் கையிலுள்ள கருவியை. கிராம சபையில் உட்கார அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஏகனாபுரத்தாருக்கு அது இருக்கிறது. வல்லத்திலோ ஒரகடத்திலோ ஐந்தாண்டாக இருக்கும் தொழிலாளிக்குப் பெரும்பாலும் இல்லை. வழக்கமாக வசிக்கும் இடத்தில் பெயர் சேர்த்துக்கொள்ளச் சட்டம் தடை சொல்லவில்லை. ஆனால் கான்ட்ராக்ட் எந்த மாதம் முடியும் என்றே தெரியாதவர், சொந்த ஊரில் இருக்கும் பெயரை நீக்கிக்கொண்டு இங்கே வந்து எழுத மாட்டார். அவர் அப்படி எழுதத் துணியும் அளவுக்கு வேலையும் வாடகை வீடும் உறுதிப்படாத வரையில், குடிநீர்க் குழாயும் வடிகாலும் தெருவிளக்கும் பற்றி இந்த ஊர்களில் எடுக்கப்படும் முடிவுகள், இங்கே இரவும் பகலும் உழைப்பவர்களைக் கேட்காமலேதான் எடுக்கப்படும்.