வாயில் வேம்பும் வடநாட்டு அணிலும்



2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு எவரும் வீட்டை விட்டு வெளியே வரலாகாது என்னும் செய்தியைத் தில்லியில் எங்கள் அரசாங்கக் குடியிருப்பில் அமர்ந்து கேட்டோம். எங்கள் இல்லத்திற்குச் சோறு போடுவது மத்திய அரசின் மொழிபெயர்ப்பு வேலை. ஆகவே அச்சத்திற்கும் முன்பாக எங்களைப் பற்றிக்கொண்டது ஒரு சொற்கவலை. இதனை ‘ஊரடங்கு’ என்பதா, ‘பொது முடக்கம்’ என்பதா? ஊரடங்கும் வேளை என்றால் நம் முன்னோர்க்கு இரவில் ஊர் உறங்கும் வேளை. அதில் அமைதி உண்டு, அச்சம் இல்லை. பிற்காலத்தில்தான் அச்சொல் ஆணையின் மொழியாயிற்று. ஏப்பிரல் 14-இல் பிறந்த தமிழாண்டின் பெயர் சார்வரி. வடமொழியில் அதற்கு இரவு என்று பொருள். எங்கள் வாதத்தைக் கேட்டுப் பஞ்சாங்கமும் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்ததோ என்று எண்ணினோம்.

எங்கள் ஜாகை தரைத்தளத்தில் உள்ளது. முன்புறத்தில் பத்தடிக்கு எட்டடியாகச் சிறிது மண். வாயிலருகே ஒரு வேம்பு. அங்கே குடியேறிப் பதினோராண்டுகள் ஆகியிருந்தும், அந்த மண்ணை நாங்கள் செருப்பு விடும் இடமாகவே கருதி வந்தோம். காலையில் பேருந்தைப் பிடிக்க ஓடுவோரும் மாலையில் களைத்துத் திரும்புவோரும் மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை அல்லவா?

ஆண்டுதோறும் சித்திரைப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி செய்வோம். அதற்குரிய பூவை, நிழலில் உலர்த்திப் பொட்டலமாகக் கட்டி, தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து எங்கள் அன்னையார் தபாலில் அனுப்புவார். அவ்வாண்டு பொட்டலம் வரவில்லை. தொலைபேசியில் நாங்கள் குறைப்பட்டுக்கொண்டபோது, “வாசலில் வேப்பமரம் நிற்கிறது என்றாயே, அது பூக்காதா?” என்று கேட்டார். விடையளிக்க எங்களுக்கு நாவெழவில்லை. வெளியே சென்று பார்த்தோம். செந்தளிர்களுக்கிடையே வெண்பூக்கள் அப்போதுதான் அவிழத் தொடங்கியிருந்தன. இரவில் மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வைத்தோம்; விடிந்ததும் ஒரு கைப்பிடி பூ கிடைத்தது. முடக்கம் மே 3 வரை நீளும் என்று அறிவிக்கப்பட்ட அதே ஏப்பிரல் 14-இல், அப்பச்சடியை உண்டோம். பதினோராண்டுகளாக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நாங்கள் வரவழைத்தது, வாயிலில் உதிர்ந்து செருப்படியில் மிதிபட்டுக் கிடந்திருக்கிறது!

அதன் பின்னர் அந்த எட்டடி மண்ணை விட்டு எங்களால் விலக முடியவில்லை. கொத்தமல்லி விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்து ஊன்றினோம். அது முளைக்கப் பன்னிரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டது. முளைத்த கையோடு தில்லி வெயிலைக் கண்டு மிரண்டு பூவும் விட்டுவிட்டது. அதில் எங்களுக்கு முழுத் தோல்வி. வெந்தயமோ நான்காம் நாளே தலைநீட்டியது. அண்டை வீட்டார் தந்த புதினாத் தண்டை நீரில் இட்டு வேர்விடச் செய்தோம். இரவில் மொட்டைமாடியில் புகை மறைக்காத வானம். ஏப்பிரல் முதல் வாரத்தில் வெள்ளிக்கோள் கார்த்திகை மீன்களை ஒட்டி நின்றதை அங்கிருந்து கண்டோம். எட்டாண்டுகளுக்கு ஒருமுறை அமையும் காட்சி அது.

இந்த இன்பங்களைப் பற்றிப் பேசக் கூச்சமாகவும் இருக்கிறது. மார்ச்சு 28-இல் தில்லி ஆனந்த விகார் பேருந்து நிலையத்தில், ஊர் திரும்ப வழி தேடி ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் திரண்டு நின்றார்கள். பலர் நடந்தே புறப்பட்டார்கள். மாதச் சம்பளம் தவறாமல் வந்த எங்களுக்கே வெந்தயக்கீரையை வியந்துகொண்டிருக்க இயன்றது. இதனைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாகாது.

எங்களுக்கும் ஒரு கவலை இல்லாமலில்லை. அன்னையார்க்கு எண்பது வயது, தனியே வாழ்கிறார். இரயில்களும் விமானங்களும் நின்றுவிட்டன. அடுத்த கட்டடத்தில் வாழும் நம் ஊர்க்காரர் ஒருவர், தம் தந்தையாரின் இறுதிச் சடங்கைக் கைபேசித் திரையில் கண்டார். அன்று முதல் அன்னையாருடன் நாள்தோறும் மாலை ஆறு மணிக்குப் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். பேசுவதற்குத்தான் பொருள் வேண்டியிருந்தது. நோயின் கணக்கை அவரும் கேட்க விரும்பவில்லை, நாங்களும் சொல்ல விரும்பவில்லை. இந்த இக்கட்டிலிருந்து எங்களைக் காத்தது ஓர் அணில்.

அந்நாட்களில் தூர்தர்ஷன் பழைய இராமாயணத் தொடரை மீண்டும் ஒளிபரப்பி வந்தது. சேதுவுக்கு மணல் சுமந்த அணிலை இராமபிரான் தடவிக்கொடுத்ததால் அதன் முதுகில் மூன்று கோடுகள் விழுந்தன என்று எங்கள் மகளுக்குக் கதை சொன்னோம். அவள் சன்னலருகே போய் வேம்பிலிருந்த அணிலைப் பார்த்துவிட்டு, “ஐந்து இருக்கின்றனவே!” என்றாள். நாங்களும் எண்ணினோம். ஐந்துதான். தென்னாட்டு அணிலுக்கு மூன்று கோடுகள். வடநாட்டில் வாழ்வது வேறினம், அதற்கு ஓரங்களில் மேலும் இரண்டு மெல்லிய கோடுகள் உண்டு என்பதைப் பின்னர் ஒரு நூலில் படித்துத் தெளிந்தோம்.

அன்னையார் நம்பவில்லை. “கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணு” என்றார். ஒரு வாரம் இவ்வழக்கு நடந்தது. எட்டாம் நாள் அவரே தீர்ப்பளித்தார்: “போகும்போது சீதையைத் தேடும் கவலை, மூன்று விரலால் தடவினான். ஜெயித்து அயோத்திக்குத் திரும்பும்போது கவலை ஏது? கை முழுதும் வைத்துத் தடவியிருப்பான்.” தொலைபேசியின் இரு முனைகளிலும் நெடுநேரம் சிரிப்பு அடங்கவில்லை.

மே மாதத்தில் மரம் நிறையப் பூத்தது. அப்பூவை நிழலில் உலர்த்தி ஒரு தகர டப்பாவில் அடைத்து வைத்தோம். 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் ஊருக்குச் சென்றபோது அதனை அன்னையார் கையில் கொடுத்தோம். மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு பூவை நாவில் இட்டுப் பார்த்தார்.

“கசப்புப் போதாது” என்றார். ஆயினும் அன்றிரவு இரசத்தில் அதைத்தான் வறுத்துப் போட்டார்.