கல்லிடம் பாடம் கேட்ட பாட்டு

தெற்கு பிரான்சின் புரோவன்ஸ் பகுதியில், காட்டுச் சரிவொன்றில் லெ தொரோனே என்ற பழைய துறவி மடம் இருக்கிறது. அதன் அழகைப் பலர் எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அது காதால் கேட்க வேண்டிய கட்டடம்.

அதைக் கட்டிய சிஸ்டெர்சியன் துறவிகள் ஊரை விட்டு ஒதுங்கி, உழைப்பும் ஜெபமுமாக வாழ்ந்தவர்கள். 1136-இல் டூர்டூர் என்ற ஊரருகே குடியேறியவர்கள் பிறகு இங்கே வந்தார்கள். தண்ணீர் இருந்தது, கல் இருந்தது, தனிமையும் இருந்தது. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேவாலயம் எழுந்தது.

அதன் சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கல்லோடு கல் பொருந்துகிற இடத்தில் சாந்து இல்லையென்றே சொல்லலாம். அவ்வளவு நுட்பமான செதுக்கு வேலை. சிலை கிடையாது, ஓவியம் கிடையாது. குரலை விழுங்க அங்கே எதுவுமே இல்லை. பாடி நிறுத்திய பிறகும் ஒலி வளைவுக் கூரையில் பல வினாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த இடத்தில் அவசரமாகப் பாடினால் சொல்லோடு சொல் மோதிக் குழம்பிவிடும். ஒருவர் சற்றே சுருதி விலகினாலும் கல் அதைப் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும். அதனால் எல்லோரும் நிதானமாக, அடுத்தவர் குரலைக் கேட்டபடியே பாட வேண்டும். பக்கவாத்தியம் இல்லை. துறவிகளுக்குப் பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை இந்தப் பயிற்சி இருந்தது. எந்தப் பாட்டு வாத்தியாரும் இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்க மாட்டார்!

அப்படி இங்கே பாட வந்தவர்களில் ஒருவர் மார்செய் நகரத்து ஃபோல்கே. அவர் பிரபுக்களின் அவைகளில் பெயர்பெற்ற காதல் பாடகர். 1195 வாக்கில் அத்தனையையும் உதறித் துறவியானார். இந்த மடத்துக்கே தலைவரானார். 1205-இல் துலூஸ் ஆயரானார். கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அவருக்குச் சொர்க்கத்தில் இடம் கொடுத்தார். அவையில் தனித்து ஒலித்த குரல் இங்கே பல குரல்களில் ஒன்றாகக் கரைந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

1791-இல் கடைசித் துறவிகள் வெளியேறினார்கள். மடம் பாழடைந்தது. எழுத்தாளர் மெரிமே எடுத்துச் சொன்ன பிறகே அரசின் கவனம் திரும்பியது. பின்னாளில் அருகே பாக்சைட் சுரங்கம் தோண்டியதால் நிலம் அசைந்தது. அந்தச் சோதனையையும் தாண்டி மடம் நிற்கிறது. 1953-இல் இங்கு வந்த கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே, இதை மனத்தில் வைத்தே லா தூரெத் மடத்தைக் கட்டினார்.

தொரோனேயில் பதிவான பாடல்கள் இன்று கிடைக்கின்றன. தேடிக் கேளுங்கள். குரல் ஓய்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கல் பாடி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.