மூடி இல்லாத டிரம்

எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களைக் குறைத்து, பேச்சைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.

போன வாரம் எபிசோட் வரலையேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆபீஸ்ல ரிலீஸ் வாரம், வேலை அதிகம்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ரிலீஸ் இருந்தது உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. எங்க வீட்டு நாய் மிளகு சாகக் கிடந்தான். அதுக்குக் காரணம் நான். இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

புதுசா கேட்கிறவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. நானும் என் தங்கச்சியும் நங்கநல்லூரில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டாவது மாடி. மேலே மொட்டை மாடி முழுக்க எங்க கையில். தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை, ஒரு மல்லிகைக் கொடின்னு முப்பது தொட்டி இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், துப்பட்டாவில் சுற்றி ஒரு கறுப்புக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள் தங்கச்சி. "ஒரு வாரம்தாண்ணா, யாராவது எடுத்துப்பாங்க" என்றாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அவன்தான் மிளகு.

எங்க வீட்டில் புதுசா வாங்கினது என்றால் லேப்டாப், மெத்தை, கேஸ் அடுப்பு, அவ்வளவுதான். சோபா, புத்தக அலமாரி, பிரம்பு நாற்காலி, தையல் மிஷின் எல்லாமே இன்னொரு வீட்டில் வாழ்ந்துவிட்டு வந்தவை. பாதிக்கு மேல் பல்லாவரம் சந்தையில் எடுத்தது. வெள்ளிக்கிழமை மட்டும் நடக்கிற சந்தை. போகாதவங்க ஒரு தடவை போய்ப் பாருங்க. பழைய கதவு, பழைய மிக்ஸி, சைக்கிள் சக்கரம், செடி, மீன், புறான்னு எல்லாம் ஒரே ரோட்டில் கிடைக்கும். வீடு, தோட்டம், வளர்ப்புப் பிராணி மூணுக்கும் ஒரே கடைத்தெரு. நமக்கு அது சொர்க்கம்.

சரி, கதைக்கு வர்றேன்.

150 ரூபாய் லாபம்

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தச் சந்தையில் ஒரு நீல டிரம் பார்த்தேன். 50 லிட்டர் பிடிக்கும், நல்ல கெட்டி பிளாஸ்டிக். உரம் போட்டு வைக்கச் சரியாக இருக்கும் என்று தோன்றியது. இரண்டு டிரம் இருந்தது. ஒன்றுக்குத் திருகு மூடி இருந்தது, 400 ரூபாய். இன்னொன்றுக்கு மூடி இல்லை, 250. "மூடிக்கு 150 ரூபாயா, வீட்டுல இருக்கிற தட்டை வெச்சு மூடிக்கலாம்" என்று கணக்குப் போட்டு, மூடி இல்லாததைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பெருமையாகத் தங்கச்சியிடம் சொல்லவும் செய்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மிளகு தள்ளிவிட மாட்டானா?" மேலே ஒரு செங்கல் வைத்துக் காட்டினேன். பிரச்சினை முடிந்தது.

அதே வாரம் ஒரு நர்சரியில் ஐந்து கிலோ உரக் கலவை வாங்கினேன். வெள்ளைக் கவர். மேலே பச்சை எழுத்தில் 'இயற்கை உரம்' என்று மட்டும் இருந்தது. உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரி கிடையாது. நானும் கேட்கவில்லை. நான் ஒரு சாஃப்ட்வேர் என்ஜினியர். யாரோ எழுதின பேக்கேஜை உள்ளே என்ன இருக்கு என்று பார்க்காமல் இன்ஸ்டால் செய்யாதே என்று டீமில் ஜூனியர்களுக்குக் கிளாஸ் எடுக்கிறவன். இயற்கை என்று எழுதியிருந்ததும் எனக்கு மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. கவரைக் கிழித்து டிரம்மில் கொட்டினேன். கவரைக் குப்பையில் போட்டேன். தட்டு, அதன் மேல் செங்கல்.

சனிக்கிழமை

அத்தை பொண்ணு கல்யாணத்துக்காகத் தங்கச்சி கோவில்பட்டி போயிருந்தாள். எனக்கு ரிலீஸ் இருந்ததால் போகவில்லை. கிளம்பும்போது மிளகின் சாப்பாட்டு நேரம், பூச்சி மாத்திரை தேதி எல்லாம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தொட்டிகளுக்கு உரம் வைத்தேன். நடுவில் ஆபீஸிலிருந்து போன். பேசிக்கொண்டே கீழே இறங்கிவிட்டேன். செங்கலைத் திரும்ப வைக்கவில்லை. ஆறு மணி வாக்கில் மேலே போனால், தட்டு ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. மிளகு மூக்கு முழுக்கப் பழுப்புத் தூளோடு வாலை ஆட்டிக்கொண்டு நின்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். போட்டோ எடுத்தேன். "உரம் தின்னு வளர்றான் பாரு" என்று தங்கச்சிக்கு அனுப்பினேன். மூஞ்சியைத் துடைத்துவிட்டுக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். வேதி உரம் என்றால் பயந்திருப்பேன். இது இயற்கை உரம்தானே.

நள்ளிரவு வாக்கில் வாந்தி எடுத்தான். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. கடைசி இரண்டில் வெறும் நுரை. எழுந்து நிற்க முடியாமல் பின்னங்கால் மடங்கியது. ராத்திரி திறந்திருக்கிற கிளினிக் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். நாய் என்றதும் இரண்டு ஆட்டோ வராமல் போய்விட்டது. மூன்றாவது ஆட்டோக்காரர் ஒரு பழைய கோணியை சீட்டில் விரித்துவிட்டு "ஏத்துங்க தம்பி" என்றார்.

டாக்டர் முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டுச்சு?"

"இயற்கை உரம் டாக்டர்."

"அதுல என்ன இருக்கு?"

தெரியவில்லை. "எப்போ சாப்பிட்டுச்சு?" ஆறு மணிக்கு. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டவில்லை. "ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்திருந்தா வாந்தி எடுக்க வெச்சு நிறைய வெளிய எடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நான் போட்டோ எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரம் அது. டிரிப்ஸ் ஏற்றினார்கள், வாந்தி நிற்க ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள்.

உள்ளே என்ன இருந்தது

காலை ஆறு மணிக்கு நர்சரிக்குப் போன் செய்தேன். நல்லவேளை எடுத்தார். "வேப்பம் புண்ணாக்கு, எலும்புத் தூள், ஆமணக்குப் புண்ணாக்கு. ஏன் தம்பி?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "மண்ணுக்குப் போடுறது தம்பி அது. நாய்க்கா குடுத்தீங்க?" என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. கவரில் எழுதாததுதான் தப்பு. கேட்காதது என் தப்பு.

அடுத்து அம்மாவுக்குப் போன். கல்யாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவில் பக்கத்திலிருந்த ஆச்சி போனை வாங்கினாள். "ஆமணக்குப் புண்ணாக்கா? அதை மாட்டுக்கே வைக்க மாட்டோமேய்யா! கடலைப் புண்ணாக்கு வைப்போம், எள்ளுப் புண்ணாக்கு வைப்போம். ஆமணக்கு காட்டுக்கு மட்டுந்தான். இது உனக்குத் தெரியாதா?" என்றாள். ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. நான் நாலு வருஷம் என்ஜினியரிங் படித்தவன். தெரியாதுதான் ஆச்சி.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஆமணக்கு விதையில் ரைசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால்தான் நாம் விளக்கெண்ணெயைப் பயமில்லாமல் பயன்படுத்துகிறோம். விதையை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு விஷம் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். சரியாகச் சூடுபடுத்தினால் அழியும். ஆனால் நம் கைக்கு வருகிற புண்ணாக்கு அப்படிச் சூடுபடுத்தியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

உடம்புக்குள் போன ரைசின், செல்லுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோமை முடக்குகிறது. புரதம் இல்லாமல் செல் செத்துப்போகும். இதற்கென்று தனியாக மாற்று மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி, உடம்பு தானாக மீளும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டியதுதான். 1978-ல் லண்டனில் ஜார்ஜி மார்கோவ் என்ற பல்கேரிய எழுத்தாளரைக் கொன்றது இந்த ரைசின்தான் என்று அன்றைய புலனாய்வில் முடிவுக்கு வந்தார்கள். ஒரு குட்டி உலோக உருண்டைக்குள் வைத்துக் காலில் செலுத்தியிருந்தார்கள். அதே பொருள் என் மாடியில், தட்டு போட்டு மூடின டிரம்மில் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் புரிந்தது. வெறும் ஆமணக்குப் புண்ணாக்காக இருந்திருந்தால் மிளகு முகர்ந்துவிட்டுப் போயிருக்கலாம். கூட எலும்புத் தூள் கலந்திருந்தது. அந்த வாசனை நாய்க்கு விருந்து மாதிரி.

தங்கச்சியிடம் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கச்சி வீடியோ கால் செய்தாள். "மிளகைக் காட்டுண்ணா." நான், "தூங்குறான், எழுப்ப வேண்டாம்" என்றேன். கிளினிக் வராண்டாவில் நின்றுகொண்டு சொன்னேன். அன்று சாயங்காலம் ரத்தமாகப் பேதி போனது. அடுத்த 24 மணி நேரம் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்போதுதான் உறைத்தது. ஏதாவது ஆகிவிட்டால், உயிரோடு ஒரு தடவை பார்க்கக்கூட விடாமல் அவளை ஏமாற்றியவனாகிவிடுவேன்.

ராத்திரி கூப்பிட்டுச் சொன்னேன். உரம், டிரம், போட்டோ, பொய், எல்லாம். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த போட்டோவுக்கு நானும் சிரிக்கிற ஸ்மைலி போட்டேண்ணா" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. ராத்திரி பஸ் பிடித்துக் காலையில் நேராகக் கிளினிக்குக்கு வந்தாள். இரண்டு நாள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

புதன்கிழமை மிளகு தானாகத் தண்ணீர் குடித்தான். வியாழக்கிழமை இரண்டு கை இட்லி. கல்லீரல், சிறுநீரக டெஸ்ட் ரிசல்ட் மெதுவாகச் சரியாகிக்கொண்டு வருகிறது. மூன்று கிலோ இளைத்திருக்கிறான். மொத்தச் செலவு 18,000 ரூபாய் தாண்டிவிட்டது. மூடியில் மிச்சம் பிடித்தது 150.

இப்போ வீட்டில் என்ன மாறியிருக்கு

தோட்டத்தையும் விடவில்லை, பழைய சாமான் வாங்குவதையும் விடவில்லை. ஒரு பொருள் வீட்டுக்குள் வரும்போது, அதை யாருக்காக வாங்குகிறோமோ அவங்களை மட்டும் நினைத்தால் போதாது. கூட இருக்கிற எல்லோரையும் நினைக்கணும். செடிக்கு நல்லது நாய்க்கு நல்லதாக இருக்கணும்னு இல்லை.

உரத்தில் மண்புழு உரமும் தனி வேப்பம் புண்ணாக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். ஆமணக்குப் புண்ணாக்கு நல்ல உரம்தான், அதில் சந்தேகமில்லை. நாயோ சின்னக் குழந்தையோ இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம். கலவை வாங்கினால் உள்ளே என்ன என்று கேளுங்க. சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீங்க. நத்தைக்குப் போடுகிற மருந்தும் நாய்க்கு ஆபத்துதான்.

செடியில் அரளி எங்கள் மாடியில் இல்லை, இனியும் வராது. அழகுக்கு வைக்கிற சைக்கஸ் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். பூனை வைத்திருக்கிறவங்க லில்லிப் பூவை வீட்டுக்குள்ளேயே விடாதீங்க, சிறுநீரகம் போயிடும். மணி பிளான்ட் கடித்தால் வாய் எரியும், கற்றாழை தின்றால் வாந்தி பேதி ஆகும்.

பழைய சாமானில், டிரம் வாங்கினால் அதில் முன்னாடி என்ன இருந்தது என்று கேளுங்க. கெமிக்கல் வாசனை வந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பெயின்ட் அடித்த பழைய நாற்காலி, தொட்டிலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கால் கடிக்கிற குட்டி வீட்டில் இருந்தால் இதைக் கவனிங்க.

கடைசியாக, தின்றது என்ன என்று தெரியாவிட்டால் காத்திருக்காதீங்க. உப்புத் தண்ணி ஊற்றி நீங்களே வாந்தி எடுக்க வைக்காதீங்க, அது இன்னொரு ஆபத்து. கவரையோ, தின்றதில் கொஞ்சத்தையோ கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்க.

போன வெள்ளிக்கிழமை தங்கச்சியும் நானும் பல்லாவரம் போனோம். ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி எடுத்தோம், 700 ரூபாய். மூடியில் யாரோ ஒருத்தர் பேர் வெள்ளைப் பெயின்ட்டில் பாதி அழிந்து இருக்கிறது. தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் அவள் காசு கொடுக்கவிட்டாள். இப்போது உரம் எல்லாம் அதற்குள், பூட்டு போட்டு. சாவி அவளிடம். உள்ளே ஒவ்வொரு டப்பாவிலும் மார்க்கரில் என்ன, எப்போது வாங்கியது என்று எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு உரம் வேண்டுமென்றால் அவளைக் கேட்கணும். நியாயம்தான்.

எபிசோட் முடிந்ததும் எல்லோரும் ஒரு வேலை செய்யுங்க. மாடிக்கோ பால்கனிக்கோ போய், பேர் எழுதாத கவர் ஏதாவது இருக்கா, மூடி இல்லாத டப்பா ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தால் இன்னைக்கே சரி பண்ணுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க.

பின்னாடி கேட்கிற சத்தம் மிளகுதான். கதவைப் பிறாண்டுகிறான். வாக்கிங் நேரம். அடுத்த வாரம் பார்ப்போம்.