மறுதேர்வுக்கு யாரிடம் நிலம் இருக்கிறது?



தஞ்சை மாவட்டத்தில் விவசாயக் கூலி வீட்டில் பிறந்த செவிலியர் நான். அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெற என்கிளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும். முதல் முறை தேறவில்லை. "அதுக்கெல்லாம் தகுதி வேணும்" என்றார்கள் ஊரில் சிலர்.

தேர்வு அப்படிச் சொல்லவில்லை. தேறாதவருக்கு அது ஓர் அறிக்கை தருகிறது. எந்தப் பாடத்தில் தேவையான அளவுக்கு மேலே, எதில் அருகே, எதில் கீழே என்று அதில் இருக்கும். 45 நாள் கழித்து மீண்டும் எழுதலாம். குறை படிப்பில், படித்தால் தீரும். பிறப்பில் குறை சொல்லும் சாதியிடம்தான் மறுதேர்வே கிடையாது.

ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டணம் 200 டாலர். இந்தியாவில் எழுதினால் கூடுதலாக 150. நிலமுள்ள வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மா நிலத்தை அடகு வைத்தால் போதும். நடவுக் கூலியில் படித்தவள்? இரவுப் பணிக்கே திரும்பிவிடுவாள். ஊர் அவளைத் தகுதியில்லாதவள் என்று எழுதி முடித்துவிடும். எனக்கு உடன் வேலைபார்த்த பெண்கள் சீட்டுப் பணத்தை விட்டுக்கொடுத்தார்கள். இரண்டாம் முறை தேறினேன்.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்துக்காக 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த மண் இது. நிலமில்லாமை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

தேறியவருக்கு மேடை போட்டுச் சால்வை போர்த்துகிறோம். இந்த ஆண்டு அந்தக் காசில், தேறாத ஒரு பெண்ணுக்கு மறுதேர்வுக் கட்டணம் கட்டுவோம்.